சேற்றில் ஆள் எடுத்த கோடை

தோற்றுப்போன ஒரு கால்பந்து அணியைக் கோடையில் திரும்பக் கட்டுகிற வேலையை யாராவது உங்கள் தலையில் வைத்தால், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

ரங்கூனில் பந்து மழைக்காலத்து ஆட்டம். வைகாசியில் மழை பிடித்தால் ஐப்பசி வரைக்கும் கணுக்கால் புதைகிற சேற்றில் வெறுங்காலோடு ஆடுவார்கள். அப்புறம் மைதானம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெயில் மாதங்களில்தான் ஒவ்வொரு அணியும் புது ஆள் தேடும். அடுத்த அணியின் ஆளையும் கூச்சமில்லாமல் கிளப்பிக்கொண்டு போகும்.

அலோனில் ஆற்றை ஒட்டி இருந்த எங்கள் மரமில்லுக்கும் ஓர் அணி உண்டு. நான் அதில் ஆடியவன் இல்லை. பந்து என் பக்கம் வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற ரகம். மில் ஆபீசில் குமாஸ்தா. இங்கிலீஷில் நாலு வரி தப்பில்லாமல் எழுதுவேன். அந்த ஒரு குற்றத்துக்காக என்னை அணியின் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள்.

மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. அணியில் ஆடுகிறவனுக்கு வாசலில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி லேசான வேலையும், லைன் வீடுகளில் குடும்பத்தோடு இருக்கத் தனி அறையும் கிடைக்கும். சித்திரையில் பர்மியரின் தண்ணீர்த் திருநாள் முடிந்து மில் திறக்கிற அன்று, அந்த வருஷத்துப் பதினோரு பேரை நான் எழுதித் துரையிடம் கொடுக்க வேண்டும். பெயர் இருந்தால் வேலையும் அறையும் நிற்கும். இல்லாவிட்டால் மறுநாளே அறையைக் காலி செய்துவிட்டு, ஆற்றிலிருந்து மரம் இழுக்கிற கூட்டத்தில் போய்ச் சேர வேண்டியதுதான்.

எங்கள் லெஃப்ட் பேக், அதாவது கோலுக்கு முன்னால் இடப்பக்கம் காவல் நிற்கிறவர், என் அக்காவின் புருஷன். எட்டு மழைக்காலம் அந்த இடத்தில் நின்றவர். போன மழையில் அவருக்கு வலது முழங்கால் வீங்கியது. வீக்கம் வடிந்தும் நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. அந்தக் காலோடு மரம் இழுக்கப் போனால் மனுஷன் தாங்க மாட்டார். அவர் பெயரை எழுதுவதா, வேண்டாமா? அந்தக் கோடை முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது அது ஒன்றுதான்.

அக்கா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “எழுதுறதும் எழுதாததும் ஒன் இஷ்டம்டா. ஆனா அத அவரு துரை வாயால கேக்கக் கூடாது. நீதான் வந்து சொல்லணும்.” பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவிவிட்டேன்.

அதற்கு முந்தைய வருஷம் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பங்குனி வெயிலில், கல்லாக இறுகிய தரையில் ஆள்களை ஓடவிட்டு, யார் வேகமோ அவனை எடுத்தேன். அப்படி எடுத்த இரண்டு பார்வர்டுகளும் முதல் மழையில் பந்தைத் தொடப் போய்ச் சேற்றில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் சீசன் முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை. லைன் பெண்கள் என்னைக் கண்டால், “குமாஸ்தா வர்றாரு, உக்காரப் பலகை எடுத்துப் போடுங்கடி” என்பார்கள். எனக்கு மூக்குமேல் கோபம் வரும். வந்து என்ன செய்ய, அவர்கள் சொன்னதில் தப்பில்லையே.

இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ரயில்வே அணி கிளப்பிக்கொண்டு போன இருவருக்குப் பதிலாகத் தாமுவேப் பேட்டையில் இரண்டு பேர் கிடைத்தார்கள். பிறகு ஒரு காலை அத்தான் வந்து நின்றார்.

“கெமெண்டைன் படகுத்துறைல ஒரு பய இருக்கானாம் மாப்ளே. வா, பாத்துட்டு வருவோம்.”

எந்த இடத்துக்கு ஆள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிராம் பிடித்துப் போனோம். பர்மாக்காரப் பையன், இருபது வயதிருக்கும். படகிலிருந்து கரைக்குப் போட்டிருந்த ஒற்றைப் பலகை வழியாகத் தலையில் பானைக் கூடையோடு வந்துகொண்டிருந்தான். பலகை முழுக்கப் பாசி. நான் அவன் தோளையும் உயரத்தையும் அளந்துகொண்டிருந்தேன்.

“பந்தாடுறவன் தோள்ல என்னடா இருக்கு? காலப் பாரு,” என்றார் அத்தான்.

பார்த்தேன். கால் விரல்கள் பலகையைக் கவ்விக் கவ்வி வந்தன. கூடை அசையவில்லை.

அத்தான் அவனை நிறுத்திப் பர்மிய பாஷையில் பேசினார். எனக்கு அது அரைகுறைதான். இடையில் அவன் ஏதோ கேட்க, இவர் “லெஃப்ட் பேக்” என்று சொன்னது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. டிராமில் ஏறி உட்காரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“அத்தான், ஒங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒங்க எடத்துக்கு நீங்களே ஆள் பிடிக்கிறீங்க?”

“சும்மாவா குடுக்குறேன்? ஆடிப் பாக்கட்டும். ஆனா போன வருசம் மாதிரி காஞ்ச தரையில இல்ல. சேத்துல ஆடணும். சேத்துல என்னை ஜெயிச்சிட்டு எடுத்துக்கட்டும்.”

எனக்கு உயிர் திரும்பி வந்தது. காய்ந்த தரையில் அவர் முழங்காலைப் பார்த்தால் குழந்தைகூடச் சிரிக்கும். சேற்றில் அவரை அசைத்தவன் ரங்கூனிலேயே கிடையாது. ஆகா, மனுஷன் எவ்வளவு சாமர்த்தியமாகத் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்று நினைத்து, டிராமிலேயே சிரித்துவிட்டேன்.

சித்திரை வெயிலில் சேற்றுக்கு எங்கே போவது? தண்ணீர்த் திருநாள் வந்தது. பர்மியர்கள் தெருவெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுகிற நாட்கள்; மில்லுக்கு விடுமுறை. எங்கள் மில் இஞ்சின் டிரைவரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். தீயணைக்கிற குழாயை எடுத்து வந்து, ஆற்றுத் தண்ணீரை இரண்டு நாள் மைதானத்தில் அடித்தார். ஊரே நனைகிறபோது மைதானம் நனைந்ததை யார் கேட்கப்போகிறார்கள்? மூன்றாம் நாள் அது உழுத வயலாகக் கிடந்தது.

லைனே திரண்டு வந்துவிட்டது. ஆள்களை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பக்கத்து லெஃப்ட் பேக் அத்தான், எதிர்ப்பக்கத்தில் அந்தப் பையன். அன்றைக்கு அத்தான் ஆடினார் பாருங்கள், இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சேற்றில் சறுக்கிக்கொண்டே போய் இரண்டு முறை பந்தைக் கொத்தி எடுத்தார். தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா கையைத் தட்டிச் சிரித்தாள்.

பிறகு அந்தப் பையனின் பக்கம் பந்து போக ஆரம்பித்தது. அவன் சறுக்கவே இல்லை. நடந்து போகிறவன் மாதிரி போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பினான். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. போன பந்தெல்லாம் அவனிடமே நின்றது. கடைசியில் ஒரு பந்துக்காக அத்தான் விழுந்தார். கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, அவர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எல்லோரும் பார்த்தோம்.

மறுநாள் காலை மில் திறக்கிறது. அத்தான் விடியும்போதே என் அறைக்கு வந்துவிட்டார். பாயில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

“தாள எடு மாப்ளே. நான் சொல்றேன், நீ எழுது.”

கோல்கீப்பரின் பெயரைச் சொன்னார். ரைட் பேக்கின் பெயரைச் சொன்னார். மூன்றாவதாக, மூச்சுக்கூட விடாமல், அந்தப் பையனின் பெயரைச் சொன்னார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“நேத்து நீங்கதான் நல்லா ஆடினீங்க அத்தான்.”

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

என்னால் முடியவில்லை.

“காஞ்ச தரையில பாத்து என்னை நீ ஒதுக்கியிருந்தா, மொத மழைக்கே ஒனக்குத் தூக்கம் போயிரும். அத்தான் இருந்தா சேத்துல நின்னுருப்பாரேன்னு வருசம் பூரா மனசு அரிக்கும். அதான் சேத்துல ஆடணும்னேன். இப்ப அரிக்காதுல்ல?”

சேறு அவருக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன். அது எனக்காக. அழுகை வந்தது, மறைக்காமல் அழுதேன். அவர் என் முதுகில் ஓர் அடி கொடுத்தார். அரிசிக் கிடங்கில் உட்கார்ந்து சாக்குத் தைக்கிற வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், வீடு கிடைக்கிறவரை என் அறையில் ஒரு மூலை கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். மரம் இழுக்கப் போவதில்லை என்று கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

மீதி எட்டுப் பேரையும் அவரே சொன்னார். எழுதி முடித்ததும் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

“இங்கதான மாப்ளே என் பேரு இருந்துச்சு?”

“ஆமா அத்தான்,” என்றேன்.