ரோட்டோரத்துக் கஞ்சி

டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில் எங்கள் தெருவில், குப்பை வண்டி வந்துபோனதும் எல்லார் வீட்டுத் தொட்டியையும் உள்ளே இழுத்து வைப்பவர் எதிர்வீட்டு அங்கிள். இந்த ஊர்க்காரர், வியட்நாமில் சண்டை போட்டவர். ரோட்டோரமாக வைத்த பொருள் வேண்டாத பொருள் என்பது இந்த ஊர் வழக்கம். அதை அவர் சட்டம்போலக் காப்பாற்றுவார். ஓரமாக வைத்துவிட்டு ஃபோன் எடுக்கப் போன இரண்டு நிமிஷத்தில் என் புதுத் துளசித் தொட்டியையே தூக்கிப் போட்ட புண்ணியவான்.

பக்கத்து வீட்டில் ஒரு வியட்நாமியப் பெண். பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் வேலை. போன வருஷம் அவள் அப்பா ஊரிலிருந்து வந்து தங்கினார். அவரும் அதே சண்டையில் இருந்தவர்தான், ஆனால் அமெரிக்காவை எதிர்த்த வடக்குப் படையில். அது தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுத் தொட்டி மட்டும் ரோட்டிலேயே நின்றது. எனக்குக் கோபமாக வந்தது. இத்தனை வயதுக்கப்புறமும் என்ன பகை?

ஆகஸ்டில் ஒரு பௌர்ணமி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே, ரோட்டோரமாக, அந்தப் பெரியவர் ஒரு கிண்ணம் நீர்க்கஞ்சியும் உப்பும் வைத்து ஊதுபத்தி ஏற்றிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அங்கிள் வந்தார். எல்லாவற்றையும் வாரிக் குப்பைப் பையில் போட்டார்.

அந்தப் பெண் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். பின்னால் அவள் அப்பா.

"ஏங்க, சீக்கிரம் வாங்க, பெரிய சண்டையாயிடும்போல இருக்கு" என்று என் கணவரைக் கூப்பிட்டேன்.

"நான் மீட்டிங்ல இருக்கேன். நமக்கு எதுக்கும்மா வம்பு?" என்றார் உள்ளேயிருந்து.

செத்த இடத்தில் அடக்கம்கூட ஆகாமல் அலைகிற ஆவிகளுக்கு அவர்கள் ஊரில் அன்று வெளியே கஞ்சி வைப்பார்களாம். அவள் அப்பாவின் அண்ணன் போர்முனைக்குப் போனவர், உடல் கிடைக்கவேயில்லை. வருஷத்துக்கு ஒரு வேளை, அதையும் வேண்டுமென்றே குப்பையில் கொட்டிவிட்டாரே என்று அவள் அழுதாள்.

அங்கிள் என்னைக் காட்டி, "இவங்க வீட்டுது, வேண்டாம்னு வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன்" என்றார். அவள் நம்பவில்லை. துளசித் தொட்டிக் கதையை நான்தான் சொன்னேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அங்கிள் பையைக் கையில் பிடித்தபடியே தன் வீட்டுக்குள் போய்விட்டார். அவ்வளவுதான், இனி இந்த ஜென்மத்தில் பேச்சுவார்த்தை கிடையாது என்று நினைத்தேன்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஆவி பறக்கும் கிண்ணம். அரிசி இல்லையாம், ஓட்ஸில் கஞ்சி காய்ச்சியிருந்தார். அதைக் கீழே வைக்கக் குனிந்தவருக்கு முழங்கால் மடங்கவில்லை. அந்தப் பெரியவர்தான் முழங்கையைத் தாங்கி உட்கார வைத்தார்.

பெரியவர் உள்ளே போய் ஒரு காலிக் கிண்ணம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மகளிடம் ஏதோ சொன்னார். "உங்க பக்கத்துலயும் அப்படிப் போனவங்க இருப்பாங்களே, அவங்களுக்கும் ஊத்துங்கன்னு சொல்றார்" என்றாள்.

அங்கிள் பாதிக் கஞ்சியை அதில் ஊற்றினார். "எங்கூடவே இருந்தவன். அவனையும் கண்டுபிடிக்க முடியல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு ஓட்ஸே பிடிக்காது" என்றார்.

மகள் அதைச் சொன்னதும் பெரியவர் எழுந்து வீட்டுக்குள் ஓடினார். சர்க்கரை எடுத்துவர.