தொட்டி ஒன்று, குழாய் இரண்டு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்தில் சேலத்துப் பழைய கல்லூரியைப் புதுப்பிக்க என்னைத்தான் தேடி வந்தார்கள். விடுதிக் கிணற்றை மூடி, மாடியில் தொட்டி கட்டி, குழாய் போடும் வேலை. மேற்பார்வையிட வந்த விடுதி வார்டன், கைக்குட்டையால் துடைக்காமல் எந்த நாற்காலியிலும் உட்காரமாட்டார்.

“சேரிப் பையன்களுக்குத் தனிக் குழாய் வை, மேஸ்திரி” என்றார்.

“ரெண்டுக்கும் ஒரே தொட்டித் தண்ணிதானுங்களே?”

“அது எனக்குத் தெரியாதா? தொட்டியை யார் ஏறிப் பார்க்கப் போறாங்க? குழாய் தனியாத் தெரியணும்.”

எனக்குக் கொதித்தது.

“அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க சாமி” என்று பூச்சுக் கரணையைக் கழுவிக்கொண்டு இறங்கிவிட்டேன். வேறொருவன் வைத்துக் கொடுத்தான்.

தீட்டை நம்புகிறவனோடு சண்டை போடலாம். நம்பாமலே தனிக் குழாய் கேட்ட அந்த மனிதரை என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.