கரும்பு டிராக்டரும் என் ஹெட்லைட்டும்

என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் என் கண்ணைப் பற்றித்தான் பேசினார்கள்.

நான் நர்ஸ். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலை. காலையில் விஜயநகரிலிருந்து காரில் போவேன், இருட்டும் நேரத்தில் திரும்புவேன். வீட்டில் கீழே நான் தனியாக இருக்கிறேன், மாடியில் தம்பி குடும்பம். கார் என் பெயரில் இருக்கிறது. வாங்கியது நான், ஓட்டுவதும் நான். ஆனால் சாவி மாட்டும் ஆணி மட்டும் மாடியில், தம்பி வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் வண்டியை எடுப்பான் என்பதால் எப்போதோ அங்கே அடித்தது. அப்படியே இருந்துவிட்டது.

மழை தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம். எனக்கு முன்னால் ஒரு டிராக்டர், டிரெய்லர் நிறையக் கரும்பு. பின்னால் விளக்கு இல்லை, பளபளக்கும் சிவப்புத் தகடும் இல்லை. தொங்கிய தோகை தார் ரோட்டைப் பெருக்கிக்கொண்டு போனது. அது டிராக்டர் என்று எனக்குத் தெரிந்தபோது கரும்பு வண்டியின் முன்கண்ணாடிக்கு நேரே இருந்தது. வலப்பக்கம் திருப்பினேன். எதிரே வண்டி வரவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். இடப்பக்க மிரர் மட்டும் உடைந்து ஒயரில் தொங்கியது.

வீட்டில் சொன்னது என் முட்டாள்தனம். தம்பி உடைந்த மிரரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான்.

"வயசாச்சுக்கா. கண்ணு போச்சு. சும்னே வண்டிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? குடுத்துடலாம்."

லேடீஸுக்குத்தான் பஸ் ஃப்ரீ ஆச்சே அண்ணி என்று அவன் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். பஸ்ஸில் ஒருநாள் நஞ்சன்கூடு போய் வந்து அதைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். நாள் முழுக்க நின்ற காலோடு ஸ்டாண்டில் நின்று, பிறகு பஸ்ஸிலும் நின்று, இறங்கி இன்னொரு பஸ்ஸுக்கும் நிற்பது இலவசமாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். அந்த வாரமே தம்பி தன் ஆபீஸில் ஒருவரிடம் பேசிவிட்டான். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு அவர் வந்து வண்டியைப் பார்ப்பாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண் டாக்டரிடம் போனேன். பவர் மாறவில்லை, இதே கண்ணாடி போதும் என்றார். அதை மாடிக்குப் போய்ச் சொன்னேன். தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டாக்டர் ரூம்ல லைட் இருக்கும்க்கா, ரோட்டுல இருக்கா?" என்றான்.

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்கு அதுவே உதவியது. ரோட்டில் வெளிச்சம் போதவில்லை என்றால் அது கண்ணின் குற்றமா, விளக்கின் குற்றமா? வண்டி வாங்கியதிலிருந்து நான் பல்புகளைத் தொட்டதே இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு எல்.இ.டி. போடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கார் சாமான் விற்கும் கடைக்காரர் கன்னடத்தில் என்னைக் கேலி செய்தார். குண்டு பல்பு இப்போது தசராவுக்கு அரண்மனையில் மட்டும்தான் எரிகிறது மேடம், நீங்கள் இன்னும் அதையா வைத்திருக்கிறீர்கள் என்றார். ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட், உள்விளக்கு என்று எல்லாவற்றுக்கும் வாங்கினேன். அவரே மாட்டித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றேன். என் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடம் தெரியாமல் இருந்தது போதும்.

சனிக்கிழமை மதியம் கேட்டுக்குள் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். உள்விளக்கு எரியவில்லை. பழைய பல்பை எப்படிப் போட்டாலும் எரியும், இது ஒரு பக்கமாகப் போட்டால்தான் எரிகிறது. கழற்றித் திருப்பிப் போட்டதும் எரிந்தது. பிரேக் லைட் சிவப்பாக இல்லாமல் ரோஸ் மில்க் நிறத்தில் எரிந்தது. சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்.இ.டி. போட்டால் அப்படித்தான் ஆகும் என்று விற்றவர் சொல்லவில்லை. திரும்பக் கடைக்குப் போய், சத்தம் போட்டு, சிவப்பு பல்பாக மாற்றி வாங்கி வந்தேன். இண்டிகேட்டர் போட்டதும் டிக்டிக்கென்று தறிகெட்டு அடித்தது. தம்பி பால்கனியிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"பல்ஸ் எகிறுதே. ஊசி போடுக்கா."

புது பல்பு இழுக்கும் கரண்ட் குறைவு. ஒரு பல்பு ஃப்யூஸ் ஆகிவிட்டதாக நினைத்து, இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய ரிலே பதறுகிறது. ரிலேயையும் மாற்றினேன். துடிப்பு சீரானது. நிமிர்ந்து பார்த்தேன், பால்கனியில் ஆளில்லை.

ஹெட்லைட்தான் கஷ்டம். பல்புக்குப் பின்னால் ஒரு கை மட்டும் நுழையும். ஒன்றும் தெரியாது. ரப்பர் மூடியை விலக்கி, கம்பிக் கொக்கியை விரலாலேயே தேடி அழுத்த வேண்டும். குண்டான கையில் நரம்பு தேடிப் பழகியவளுக்கு அது பெரிய விஷயமில்லை. புறங்கையில் கீறல் விழுந்தது, கொக்கி விட்டது.

திங்கட்கிழமை திரும்பி வரும்போது வெளிச்சம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெருமையாக ஓட்டினேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். ஒவ்வொருவனையும் திட்டினேன். ரயில்வே கேட்டில் நின்றபோது எதிர்ப்பக்கத்து பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "கண்ணு ஹோகுத்தம்மா" என்று கத்தினார். கண் போய்விடும் என்கிறார். வீட்டில் என் கண் போச்சு, ரோட்டில் என்னால் அவர் கண் போச்சு.

அவர் மீது எனக்கு வந்த கோபம் கடகோளா தாண்டும்வரை இருந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். புளிய மரங்களின் உச்சி தெரிந்தது, கடைப் பெயர்ப்பலகைகள் தெரிந்தன. எனக்கு முன்னால் இருந்த ரோடு தெரியவில்லை. அங்கே வெள்ளையாக ஒரு மூட்டம் மட்டும் இருந்தது. இன்னொரு கரும்பு டிராக்டர் போயிருந்தால் அதையும் பார்த்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை காம்பவுண்ட் சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கை அணைக்காமல் இறங்கி முன்னால் போய் நின்றேன். கண் கூசி நீர் வந்தது. பஸ் டிரைவர் சொன்னது சரி. சுவரில் வெளிச்சம் கொட்டிய பால் மாதிரி ஓரமே இல்லாமல் பரவியிருந்தது. அங்கேயே பழைய பல்பை எடுத்து மாட்டினேன். கூச்சம் குறைந்தது, ஆனால் அதுவும் மங்கலாகத்தான் விழுந்தது. அப்படியென்றால் குற்றம் பல்பில் மட்டும் இல்லை.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் வண்டியும் அவர் வண்டியும் ஒரே மாடல், வயதும் ஏறக்குறைய ஒன்று. அவர் வெளிச்சம் சுவரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல விழுந்தது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. என்ன பல்பு என்று கேட்டேன். கம்பெனியில் போட்டுத் தந்ததுதான் என்றார். அவர் ஹெட்லைட் மூடியைத் தடவிப் பார்த்தேன், வழுக்கியது. என்னுடையதைத் தடவினேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. மூடியை எதை வைத்துத் துடைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஈரத்துணி, வேறென்ன என்று என்னை விநோதமாகப் பார்த்தார்.

அவர்கள் கிறிஸ்தவர்கள். சாமியை உள்ளே கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாங்கள் விளக்கின் மேல் பூசுகிறோம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் என் தம்பிதான் வண்டிக்குப் பொட்டு வைப்பான். இரண்டு ஹெட்லைட்டிலும் மூன்று விரலால் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அதை யாரும் துடைக்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் அது அப்படியே காய்ந்து கிடக்கும். அடுத்த வருடப் பூஜைக்கு முதல் நாள், பாத்திரம் விளக்கும் பவுடரையும் கம்பி ஸ்க்ரப்பரையும் எடுத்துக்கொண்டு வந்து பக்தியாக உட்கார்ந்து கரகரவென்று தேய்ப்பான். மூடி பிளாஸ்டிக். எத்தனை வருடம் தேய்த்தான் என்று எண்ண எனக்கு மனமில்லை.

மாடிக்குப் போய் அவனைக் கூட்டிவந்தேன். அவன் விரலைப் பிடித்துப் பக்கத்து வண்டியின் மூடியில் வைத்தேன். பிறகு என் வண்டியின் மூடியில் வைத்தேன்.

"இது என் கண்ணா, உன் கையா?"

அவன் மூடியை இன்னொரு முறை தடவிப் பார்த்தான். "சாமிக்குப் பண்ணதுக்கா," என்றான்.

"சாமி ஸ்க்ரப்பர் கேட்டாரா?"

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளை வர வேண்டாம் என்றும் அவன் சொல்லவில்லை. தானே கூப்பிட்டவரை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை போலிருக்கிறது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை வாளியில் தண்ணீர், மெல்லிய உப்புத்தாள், பாலிஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாளை நனைத்து நனைத்துத் தேய்க்கத் தேய்க்க மஞ்சளாகத் தண்ணீர் வடிந்தது. முதலில் மூடி இன்னும் மோசமாக வெளுத்துப் போனது. கெடுத்துவிட்டோம் என்று பயம் வந்தாலும் நிறுத்தவில்லை. தாளை இன்னும் நைஸாக மாற்ற மாற்ற வெளுப்பு விலகியது. பாலிஷ் போட்டுத் துடைத்தபோது உள்ளே பல்பின் இழை தெரிந்தது. எல்.இ.டி.யை இன்னொரு முறை மாட்டிப் பார்த்தேன். அப்போதும் சுவரில் கோடு விழவில்லை, முன்னால் நின்றால் கண் வலித்தது. பல்பைச் சுற்றி வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும் அந்தப் பளபளப்புக் கிண்ணம் பழைய பல்புக்காகச் செய்தது. எதிரே வருகிறவனைக் குருடாக்கிவிட்டு நான் வீடு வந்து சேர வேண்டியதில்லை. ஹெட்லைட்டுக்குப் பழைய பல்பே திரும்பப் போனது. மற்ற இடங்களில் எல்லாம் எல்.இ.டி. தங்கியது, பின்பக்கம் முக்கியமாக. விளக்கில்லாத டிராக்டருக்குப் பின்னால் போனவள் நான். எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு என்னைத் தெரிய வேண்டும்.

சாயங்காலம் தம்பியின் ஆபீஸ்காரர் வந்தார். மரியாதையான மனிதர். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், விளக்கைப் போடச் சொன்னார். போட்டேன். சுவரில் கோடு நேராக விழுந்தது.

"லைட் சூப்பரா இருக்குங்க மேடம்," என்றார்.

"இருக்குல்ல? அதனாலதான் விக்கல," என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தான். காபி கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும் மாடிக்குப் போய்ச் சாவியை எடுத்துக்கொண்டேன், ஆணியையும் பிடுங்கினேன். அதே ஆணியைக் கீழே என் கதவுக்குப் பக்கத்தில் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றால் கதவைத் தட்டிக் கேட்கலாம்.

அந்த வாரமே ஒரு கரும்பு டிராக்டர் வந்தது. அதற்கும் விளக்கு கிடையாது. தோகை ஆடுவது எனக்கு வெகு தூரத்திலேயே தெரிந்தது. ஹாரன் அடித்து, நிதானமாகத் தாண்டிப் போனேன்.

ஆயுத பூஜை வந்தது. தம்பி தட்டோடு இறங்கி வந்தான். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், வெட்டிய பூசணிக்காய் எல்லாம் இருந்தன. குனிந்து மூன்று விரலைச் சந்தனத்தில் தொட்டு, பழக்கத்தில் ஹெட்லைட்டுக்குக் கொண்டுபோனான். மூடிக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, பானெட்டின் நடுவில் பெரிதாக ஒரு பட்டை போட்டான்.

நான் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.