சாமி அறையில் வைஃபை பெட்டி

வைஃபை பெட்டி வந்த அன்றே என் மனைவி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமி அறையில் பித்தளைக் குடத்துக்குப் பின்னால் இருத்திவிட்டாள். புதிதாக எது வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் அங்கேதான் போகும். மற்றவையெல்லாம் மறுநாள் வெளியே வந்துவிடும். இது வரவில்லை.

"சாமிகிட்ட இருந்தா கெட்டுப்போகாதுங்க" என்றாள்.

சிக்னல் அந்த அறையைத் தாண்டவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகளோடு பேச, நாங்கள் இருவரும் உள்ளே முட்டி இடிக்க உட்கார வேண்டும். எனக்கோ முட்டிவலி. மனைவி கந்தர்வக்கோட்டைக்குப் போயிருந்த ஒருநாள், எரிச்சலில் வயரை இழுத்துப் பெட்டியைக் கூடத்துச் சுவரில் உயரமாக மாட்டினேன். கொல்லை வரைக்கும் சிக்னல் எடுத்தது. அப்புறம் அவள் அடுப்படியிலிருந்து பேசினாள். நான் வாசலிலிருந்து பேசினேன்.

ஒரு மாலை மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, ரெண்டு பேருக்கும் சண்டையா? ஒங்கள ஒண்ணாப் பாத்து எத்தனை நாளாச்சு!"

பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. மகள் கூப்பிட்டால் மட்டும் சாமி அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

"கொஞ்சம் அங்கிட்டு நகருங்க" என்பாள் மனைவி. நகர இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.