ஒரு மணி நேர விதி

ஆனையூரில் நாங்கள் இணையம் கொடுக்கும் தெருக்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது; எல்லோர் இணைப்பும் அதன் வழியாகத்தான் போகும். அதற்கு விதி எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெட்டியின் கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மகள் விளையாட்டில் உட்கார்ந்தால் எழுவதில்லை, ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் வீட்டு ரௌட்டரிலேயே செய்திருக்கலாம். மூன்று மாடி ஏற எனக்கு அலுப்பு. நடுப்பெட்டியில் ஒரே வரி எழுதினேன்: ஒரு மணி நேரம் விடாமல் ஓடும் எந்தத் தொடர்பையும் அறுத்துவிடு. அறுந்த உடனே தானாகச் சேர்ந்துகொள்வதால் படம் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அதன்பின் யார் எது கேட்டாலும் ஒரு வரி சேர்த்தேன்.

அதே தெருவில் ஓர் அக்கா, நாள் முழுக்க விடாத தொடர்பில், வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் பேசுகிறவர். லைன் அறுகிறது என்றார். கேபிளை மாற்றினேன். ரௌட்டரை மாற்றினேன். மூன்றாம் முறை போனபோது கதவைப் பாதிதான் திறந்தார்.

"சனிக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. இன்னைக்கு எதை மாத்தப் போற? என்னையவா?"

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு மணிக்கு அறுந்து தானாகச் சேர்ந்தது. பன்னிரண்டுக்கு மறுபடியும் அறுந்தது. சரியாக ஒரு மணி நேரம்; நான் எழுதிய வரி.

"இது உங்க வீட்டுக் கோளாறு இல்லக்கா. நான் எழுதுனது."

"படிச்ச புள்ளைய அனுப்புறோம்னாங்க உங்க ஆபீசுல" என்றார்.

அலுவலகம் போய் எல்லா வரிகளையும் அழித்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டு நாள் எழுதுனதையாம்மா?"

"வந்ததை அனுப்புறதோட பெட்டி நிக்கட்டும்ணே. யாருக்கு எது வேணுமோ அவங்க வீட்டுல வச்சுக்கட்டும்."

"வீடு வீடா யாரு போறது?"

"நான்தான்."

சனிக்கிழமை வரை படியேறினேன். மகளுக்காகக் கேட்டவர், நான் அவர் வீட்டு ரௌட்டரில் நேரம் வைத்து முடிக்கும்வரை காத்திருந்து, "இதை அங்கனயிருந்தே செஞ்சிருக்கலாமேம்மா" என்றார். அங்கிருந்து செய்துதான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டே பையை எடுத்தேன்.

இறங்கி வரும்போது மணி ஒன்றரை. அந்த அக்கா ஜன்னலோரம் ஹெட்செட்டோடு யாருக்கோ பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமல், லைன் அறுந்துபோகவில்லை என்று கையை ஆட்டிக் காட்டினார். பிறகு அதே கையால், போ என்றார்.

இன்னும் நான்கு வீடுகள் இருந்தன.