முப்பத்தோரு வருஷம் அனுமதி கேட்டவர்

லிட்டில் ஆஸ்வெல் என்று ஒரு ஊர். பெரிய ஆஸ்வெல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இருந்திருந்தால் அங்கேயே குடிபோயிருப்போமே என்பது பப் வாசலில் கிடைக்கிற பதில்.

டெஸ்மண்ட் ப்ரூவெட் இந்த ஊருக்குப் பஸ் ஓட்டியவர். பயணிகள் இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது அங்கே வழக்கம். டெஸ்மண்ட், அவர்கள் ஏறும்போதே முந்திக்கொண்டு நன்றி சொல்லிவிடுவார். அவர் காலை யாராவது மிதித்தால் மன்னிப்புக் கேட்பதும் அவர்தான். ஒருமுறை, நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் மேல் பால் வண்டி வந்து மோதியது. டெஸ்மண்ட் இறங்கிப்போய், "மன்னிச்சிக்கோங்க, வழியில நின்னுட்டேன்" என்றார். அதன்பிறகு இன்ஷூரன்ஸ்காரர்கள் அவரை வாய் திறக்கவே விடவில்லை.

நாற்பது வயதில் அவர் வாழ்க்கை திசை திரும்பியது. கடைசி நிறுத்தத்தில் இறங்கிய ஒரு தம்பதி, "இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்கள்.

"ஒண்ணும் இல்லைங்க, மன்னிச்சிக்கோங்க" என்றார் டெஸ்மண்ட்.

அன்று முழுக்க அந்தப் பதில் அவர் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அடுத்த விடுமுறையன்று தன் ஊரைத் தானே பார்க்கக் கிளம்பினார். தினமும் பஸ்ஸைத் திருப்புகிற இடத்துக்கு எதிரே தேவாலயம். அதன் வாசல் வளைவில் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு சிற்பி டிராகன் செதுக்கியிருந்தான். டிராகனை அவன் பார்த்ததில்லை போலும், தேரையைப் போல வந்திருந்தது. பின்பக்கம் ஏழு பேர் உள்ளே நிற்கலாம் என்கிற அளவுக்குக் குடைந்துபோன ஒரு கிழட்டு மரம். அங்கிருந்து ஒரு மண்பாதை ஈவ்லி பண்ணைக்குள் நுழைந்து, ஊற்றைத் தாண்டி, காட்டுக்குப் போனது. அது மே மாதம். காட்டின் தரை முழுக்க நீலமணிப் பூ. வானத்தைக் கொண்டுவந்து முழங்கால் உயரத்தில் விரித்த மாதிரி. நாற்பது வருஷமாக வீட்டிலிருந்து அரை மைல் தூரத்தில் இது இருந்திருக்கிறது. டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியாமல், பக்கத்திலிருந்த மரத்திடம் சொன்னார்.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் பத்து மணிக்கு, வருகிறவர்களை அழைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கட்டணம் கிடையாது. பையில் ஒரு ஃப்ளாஸ்க் தேநீர், மனைவி ஜாய்ஸ் சுட்ட கேக், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. காலுறை, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருகிற லண்டன்காரர்களுக்கு. ஊற்றங்கரைச் சேற்றில் அந்த ஷூக்கள் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

பண்ணைக் கதவுக்கு வந்ததும் மட்டும் ஒரு சடங்கு உண்டு. டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி, வீட்டை நோக்கிக் குரல் கொடுப்பார்: "மிஸ் ஈவ்லி! நாங்க இந்த வழியா போகலாமுங்களா?" கல்யாணம் செய்துகொள்ளாமல் எண்பது ஆடுகளோடு குடித்தனம் நடத்திய அந்த அம்மாள், சமையலறை ஜன்னலிலிருந்து எதையோ கத்துவார். டெஸ்மண்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறப்பார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட இது தவறியதில்லை.

மிஸ் ஈவ்லி தொண்ணூற்றிரண்டாவது வயதில் காலமானார். பண்ணையை லண்டனிலிருந்து வந்த கைல்ஸ் ஹார்க்நெட் என்பவர் வாங்கினார். மூன்றாம் மாதம் கதவில் சங்கிலி தொங்கியது. பக்கத்தில் 'தனியார் நிலம்' என்று பலகை. வக்கீல் சொன்னாராம்: பாதை அரசாங்க வரைபடத்தில் இல்லை, பூட்டாவிட்டால் பின்னால் சிக்கல்.

அந்தச் சனிக்கிழமை வந்திருந்த பதினோரு பேரிடமும் டெஸ்மண்ட் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். சங்கிலியிடமும் கேட்டார் என்று ஜாய்ஸ் சத்தியம் செய்வாள்.

ஊர் மன்றச் செயலாளர் பாட் லவ்ரிட்ஜ் சும்மா விடுகிறவள் இல்லை. பூ வாசம் பட்டாலே தும்முகிற உடம்பு அவளுக்கு. அந்தக் காட்டுப் பக்கமே போனதில்லை. ஆனாலும் ஊர்ப் பாதை ஊர்ப் பாதைதான். வரைபடத்தில் பாதையைச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டாள், நாற்பது பேரிடம் சாட்சிப் படிவம் வாங்கினாள், விசாரணை அதிகாரி வரும் தேதியையும் குறித்தாயிற்று. முதல் சாட்சி டெஸ்மண்ட். விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம், அவருக்கு ஒத்திகை பார்க்க வந்து சமையலறையில் உட்கார்ந்தாள்.

"சட்டம் ரொம்ப சுலபம் டெஸ்மண்ட். இருபது வருஷம் ஜனங்க நடந்திருக்கணும். வேலியை உடைச்சுப் போயிருக்கக் கூடாது. ஒளிஞ்சு போயிருக்கக் கூடாது. அனுமதி வாங்கிட்டுப் போயிருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

டெஸ்மண்ட் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "கடைசியா சொன்னது என்ன?"

"அனுமதி. கேட்டு வாங்கிட்டுப் போனா அது நிலத்துக்காரங்க போட்ட பிச்சை. கேக்காம போனாத்தான் உரிமை."

"அப்ப நம்ம கதை முடிஞ்சுது, பாட்."

"ஏன்?"

"நான் கேட்டேனே."

"எப்போ?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும்."

பாட் வாயில் வைத்த கேக்கை மெல்லுவதற்கு மறந்தாள். "ஏன்யா? உன்னை யாராவது கேக்கச் சொன்னாங்களா?"

"அடுத்தவங்க நிலம். கேக்காம எப்படிப் போறது?"

"கல்யாணத்துக்குக்கூட என்கிட்ட மூணு தடவை கேட்டாரு" என்றாள் ஜாய்ஸ், பாத்திரம் கழுவிக்கொண்டே. "முதல் தடவையே சரின்னுட்டேன். சந்தேகமா இருந்துச்சாம்."

"நாப்பது பேர்ல முப்பத்தஞ்சு பேர் உன் பின்னாடி நடந்தவங்க. உனக்கு அனுமதின்னா அவங்க எல்லாருக்கும் அனுமதி!"

"அந்தம்மா என்ன சொன்னாங்கன்னா..."

பாட் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "மேல ஒரு வார்த்தை சொல்லாதே. எனக்குத் தெரியாம இருக்கட்டும். நாளைக்குக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. அவங்களா கேக்காம நீயா எதையும் எடுத்துக் கொடுக்காதே. கும்பிடறேன்."

அன்று டெஸ்மண்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாட்டில் முரடன் இருபது வருஷம் கேட்காமல் நடந்தால் அது உரிமையாம். மரியாதைக்காரன் முப்பத்தோரு வருஷம் கேட்டு நடந்தால் பாதையே போய்விடுமாம். இதை யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்தார். கண்டிப்பாகப் பஸ் டிரைவர் இல்லை.

"பொய் சொல்லிட்டா என்ன டெஸ்?" என்றாள் ஜாய்ஸ். சும்மா வேடிக்கைக்குத்தான்.

"அந்தக் காட்டைப் பாத்துட்டு அதுக்காகப் பொய் சொன்னா, அப்புறம் எந்த மூஞ்சியோட அங்க போறது?"

விசாரணை ஊர் மண்டபத்தில், பாட்மிண்டன் கோடுகளுக்கு நடுவே. அதிகாரி நரைத்த தலையுள்ள ஒரு அம்மாள். சாண்ட்விச்சைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் ஊரே உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் கைல்ஸ் ஹார்க்நெட்டும் அவருடைய இளம் வக்கீலும். டெஸ்மண்ட் எத்தனை வருஷம், எத்தனை பேர், எந்த வழி என்று எல்லாம் சொல்லி முடித்தார். பாட் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வக்கீல் எழுந்தார். "மிஸ்டர் ப்ரூவெட், மிஸ் ஈவ்லிக்கு ஜாம் கொடுப்பீங்களாமே?"

"ஆமாங்க. பிளம்ஸ் ஜாம்."

"வழிக்கு வாடகையா?"

"கிறிஸ்துமஸுக்குங்க."

"பதிலுக்கு அவங்க என்ன கொடுத்தாங்க?"

"அதே பாட்டில். கழுவிக் கொடுத்தாங்க."

மண்டபத்தில் சிரிப்பு. வக்கீல் போகிறபோக்கில் கடைசிக் கேள்வியைப் போட்டார். "அவங்ககிட்ட அனுமதின்னு எதுவும் கேட்டதில்லையே?" இல்லை என்ற பதிலை எதிர்பார்த்து, உட்காரக்கூடப் பாதி குனிந்துவிட்டார்.

டெஸ்மண்ட் ஊரைப் பார்த்தார். "மன்னிச்சிக்கோங்க" என்றார், எல்லாரிடமும் சேர்த்து. "கேட்டிருக்கேங்க. ஒவ்வொரு தடவையும்."

வக்கீல் நிமிர்ந்தார். பிறந்த நாளன்று எழுப்பிய குழந்தையின் முகம். ஊர்ப் பக்கம் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பாட் தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்தார். "கேட்டதுக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பாட் முந்தின நாளே காதைப் பொத்திக்கொண்டுவிட்டாள். படிவத்திலோ அதற்குக் கட்டம் இல்லை.

"எப்பவும் ஒரே பதில்தாங்க. கொஞ்சம் திட்டுவாங்க."

"எப்படின்னு சொல்லுங்க."

டெஸ்மண்ட் கூச்சத்தோடு குரலை உயர்த்தினார். "'என்னை எதுக்கு மனுஷா கேக்கற? எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாலயே ஊர் ஜனம் நடக்கிற வழி. குடுக்கறதுக்கோ தடுக்கறதுக்கோ நான் யாரு? போய்த் தொலை...'"

"'...கதவை மட்டும் சாத்திட்டுப் போ!'" என்று மண்டபத்தில் முப்பத்தைந்து குரல்கள் முடித்துவைத்தன.

அதிகாரி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எழுதணும்."

"இவ்வளவு சொன்ன பிறகும் ஏன் தொடர்ந்து கேட்டீங்க?" என்றார் வக்கீல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

"கேக்காம போனா நல்லாருக்காதுங்களே."

அப்போது கைல்ஸ் ஹார்க்நெட் எழுந்தார். வக்கீல் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி இவர் கூட நானும் நடந்திருக்கேன். அந்தம்மா கத்தினதைக் கேட்டேன், அதே வார்த்தைதான். ஆட்டுக்காகத்தான் கத்தறாங்கன்னு நெனச்சேன். அன்னிக்குக் கடைசியா வந்து கதவைச் சாத்தினதும் நான்தான். அந்தக் காட்டைப் பாத்தப்புறம்தான் இந்த ஊர்ல இடம் வாங்கணும்னு தோணுச்சு. என் ஷூ சேத்துல போயிருச்சு. இவர் காலுறை குடுத்தாரு. இன்னும் என்கிட்டதான் இருக்கு, மன்னிச்சிக்கோங்க."

"பரவால்லைங்க, மன்னிச்சிக்கோங்க" என்றார் டெஸ்மண்ட். யார் எதற்கு மன்னிக்கிறார்கள் என்பதை அதிகாரி அம்மாள் குறித்துக்கொள்ளவில்லை.

ஏழு வாரம் கழித்து உத்தரவு வந்தது. நிலத்துக்காரரே ஊர் வழி என்று வருஷக்கணக்காகக் கத்திச் சொன்ன பாதை, ஊர் வழிதான். சங்கிலி அதற்கு முன்பே போயிருந்தது. கைல்ஸ் தானே வந்து அவிழ்த்தாராம்.

மே மாதம் முதல் சனிக்கிழமை, பத்து மணி. பத்தொன்பது பேர் டெஸ்மண்டின் பின்னால் நின்றார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பாட் லவ்ரிட்ஜும் வந்திருந்தாள். பண்ணை வீட்டு ஜன்னலில் கைல்ஸ். டெஸ்மண்டின் கை தானாகத் தொப்பிக்குப் போயிற்று.

பாட் அவர் விலாவில் இடித்தாள். "கேட்டே, கொன்னுருவேன்."

"கேக்கலை. நன்றி சொல்லலாமில்லையா?"

"சொல்லு. அதுக்குச் சட்டத்துல தடையில்லை."

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றினார். "ரொம்ப நன்றிங்க!" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். கைல்ஸ் ஒரு ஜோடி காலுறையை வெளியே ஆட்டிக் காட்டினார். கதவைத் திறந்து, எல்லாரையும் உள்ளே விட்டு, கதவைச் சாத்தினார் டெஸ்மண்ட். பிறகு பக்கத்தில் காலியாக இருந்த மிஸ் ஈவ்லியின் சமையலறை ஜன்னலைப் பார்த்து, அதே நன்றியை மெதுவாக இன்னொரு முறை சொன்னார்.

தும்மிக்கொண்டே பாட் முன்னால் போனாள். காட்டின் ஓரத்தில் நீலம் தெரிந்ததும் அவள் தும்முவதையே மறந்து நின்றுவிட்டாள். டெஸ்மண்ட் மட்டும் வந்து சேரவில்லை. திரும்பிப் பார்த்தார்கள். பாதி வழியில், பாதையை அடைத்துக்கொண்டு ஒரு ஆடு படுத்திருந்தது. டெஸ்மண்ட் அதன் முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மன்னிச்சிக்கணும். இந்தப் பக்கமா போகலாமுங்களா?"