கூட்டம் கூடினால்தான் வெளிச்சம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் வளர்க்கும் பாக்டீரியாவுக்குக் கண் இல்லை, காது இல்லை, மூளையும் இல்லை. ஆனால் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும்.

ஒவ்வொன்றும் ஒரு சின்ன மூலக்கூறை வெளியே விட்டபடியே இருக்கிறது. கடலில் தனியாகத் திரிந்தால் அந்த மூலக்கூறு தண்ணீரோடு போய்விடும். நெருக்கி நின்றால் வெளியே விட்டது அங்கேயே தேங்கி, திரும்ப உள்ளே வரும். தேங்கியது ஓர் அளவைத் தாண்டியதும், ஆள் சேர்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றும் முடிவெடுத்து விளக்கைப் போடும். நீலமும் பச்சையும் கலந்த குளிர்ந்த வெளிச்சம். ஒற்றை ஆளாக அந்த விளக்கைப் போட்டால் யார் கண்ணிலும் படாது, சக்திதான் விரயம். அதனால் தனியாக இருக்கும்போது போடுவதில்லை.

இது எனக்கு முதன்முதலில் புரிந்த நாளில் பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, சாப்பிட்டியா?" என்றார். உறவினர்கள் கேட்டால் என் வேலையைப் பற்றி அவர் சொல்வது இதுதான்: "கிருமிக்குச் சோறு போடுறா. அதுக்கும் சம்பளம் தர்றாங்க."

ஆகவே, மாதமொரு முறை தமிழில் அறிவியல் கூட்டம் நடத்துகிறவர்கள் என்னைப் பேச அழைத்தபோது நான் மனதுக்குள் குறித்துக்கொண்ட நோக்கம் ஒன்றே ஒன்று. அம்மா அந்த வெளிச்சத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

கூட்டத்தின் செயலாளர் சிங்கப்பூரின் மேற்கே பூன் லேயில் குடியிருக்கும் கப்பல் பட்டறைப் பொறியாளர். அண்ணா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், ஆனால் மைக் கிடைத்தால் விடமாட்டார். தொலைபேசியிலேயே கறாராகப் பேசிவிட்டேன். வரவேற்புரை இரண்டு நிமிடம். பொன்னாடை கிடையாது. சிறப்பு விருந்தினர் வாழ்த்தலாம், உரையாற்றக் கூடாது. நன்றியுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

"பொன்னாடை இல்லாம ஒரு கூட்டமாம்மா?" என்று முனகினார். சம்மதித்தார்.

நான் பட்டியல் போடுகிறவள். அன்றைய பட்டியல்: ஒளிரும் பாக்டீரியா உள்ள குடுவை ஒன்று. அதே உப்பும் சத்தும் கலந்த நீர், பாக்டீரியா இல்லாமல், ஒப்பிட்டுக் காட்ட ஒரு போத்தலில். கடையில் சம்பால் மிளகாய்த் துவையல் கட்டிக்கொடுக்கும் மூடி போட்ட சின்ன டப்பாக்கள், ஒரு பெரிய கட்டு. கதவிடுக்கை அடைக்கக் கறுப்பு நாடா. கையுறை. அம்மா.

யாரையும் ஒன்றும் செய்யாத வகை பாக்டீரியாதான். ஆனாலும் ஒரு சொட்டு விடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஆய்வுத் தலைவி போட்ட நிபந்தனை. புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயிலில் வரும்போது குளிர்ப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் பட்டால் பாக்டீரியா சுணங்கிவிடும். நம் ஊர்க் கட்டடங்களின் ஏர்கான் குளிர்தான் அதற்குப் பிடித்தது. அந்த விஷயத்தில் அதுவும் சிங்கப்பூர்வாசிதான்.

ஃபேரர் பார்க்கில் அந்த அரங்கத்துக்குள் நுழைந்ததும் செயலாளர் எதிரே வந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"ஆளு நெறைய வந்துட்டாங்கம்மா. லைட் எரியிற கிருமின்னு மெசேஜ் போட்டேன். வடை உண்டுன்னும் போட்டேன். எதுக்கு வந்தாங்கன்னுதான் தெரியல."

உண்மையிலேயே நிறையப் பேர். ஞாயிறு விடுமுறைக்குத் தேக்கா கடைத்தெருவுக்கு வந்த தொழிலாளர்கள், குழந்தைகளோடு குடும்பங்கள், இடம் கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்பவர்கள். வரிசைக்கு ஒரு டப்பா வீதம் குடுவையிலிருந்து ஊற்றி வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, நான் படம்காட்டும் கருவியோடு மல்லுக்கட்டப் போனேன். திரும்பி வந்தபோது குடுவை காலி. போத்தலும் காலி. எல்லார் கையிலும் ஆளுக்கொரு டப்பா.

"வரிசைக்கு ஒண்ணு எப்படிடி குடுக்கிறது? பக்கத்துல இருக்கிறவங்க மூஞ்சிய பாக்க வேணாமா?" என்றார் அம்மா. "பத்தாதுன்னு தெரிஞ்சுச்சு. அந்த போத்தல்ல இருந்தத ஊத்தி ஊத்தி சமாளிச்சுட்டேன். விருந்தாளி வந்தா ரசத்துல ஊத்துற மாதிரிதான். ரெண்டும் ஒரே உப்புன்னு நீதான சொன்ன."

நான் சொன்னதை அவர் கவனித்துக் கேட்டிருக்கிறார் என்ற சந்தோஷம் முதலில் வந்தது. நீர்த்துப்போனால் கூட்டமும் கலைந்துவிடுமே என்பது பிறகுதான் உறைத்தது.

ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, மேடை மேசைக்குக் கீழே, தரை வரை தொங்கிய பட்டுத்துணிக்குள் நுழைந்தேன். பேச்சாளர் மேசைக்கடியில் குந்தியிருப்பதை முன்வரிசை பார்த்துக்கொண்டிருந்தது என்பது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. உள்ளே இருட்டு. கண்ணை மூடி, கொஞ்சம் பொறுத்து, திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பாக்டீரியா அனைத்தும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் சுற்றிலும் தடவிப் பார்த்து, கூட்டம் கலைந்துவிட்டது, நாம் மட்டும்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. சக்தியை வீணாக்க வேண்டாம் என்று விளக்கைப் போடாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

ஒரே வழி, அவை பெருக வேண்டும். புதுச் சத்துநீர் கிடைத்திருக்கிறது, குளிரும் இருக்கிறது. தேவைப்படுவது நேரம். எப்படியும் ஒன்றரை மணி நேரம். என் உரை அதில் பாதிதான் வரும். ஆறு மணிக்கு, வரிசையாக நின்று ஆடும் லைன் டான்ஸ் குழு பயிற்சிக்கு வந்துவிடும், அரங்கத்தை விட்டே ஆக வேண்டும்.

செயலாளரிடம் போனேன்.

"அண்ணா, வரவேற்புரைய கொஞ்சம் இழுங்க."

"நீங்கதான ரெண்டு நிமிஷம்னீங்க?"

"அது அப்ப. இப்ப இழுங்க."

"எவ்வளவு?"

"உங்களால எவ்வளவு முடியுமோ."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "பொன்னாடை?" என்றார், மெதுவாக. போடுங்கள் என்றேன். ஒருவர் அடுத்த தெருக் கடைக்கு ஓடினார்.

அடுத்தது சிறப்பு விருந்தினர். சிராங்கூன் சாலையில் அச்சகம் வைத்திருப்பவர். எந்த மேடையிலும் மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசாதவர், அதற்காகவே எல்லாரும் விரும்பி அழைக்கும் மனிதர்.

"ஐயா, இன்னைக்குக் கொஞ்சம் விரிவா பேசணும்."

"எதப் பத்திம்மா?"

"எதப் பத்தி வேணும்னாலும்."

செயலாளர் தமிழின் தொன்மையில் தொடங்கி, கப்பல் வெல்டிங் வழியாக, எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசல் வரை வந்து, திரும்பவும் தொன்மைக்கே போனார். பொன்னாடை விருந்தினருக்கு, எனக்கு, அம்மாவுக்கு, வடை சுட்டுக் கொண்டுவந்த பெண்மணிக்கு, ஏர்கான் பழுது பார்க்க வந்து உட்கார்ந்துவிட்ட சீன இளைஞருக்கு. அச்சகக்காரர் வழக்கம்போல் மூன்று வாக்கியம் பேசினார். நான் கீழேயிருந்து கையைச் சுழற்றி, இன்னும் இன்னும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி காட்டும் வரைபடத்தை மாற்றி அச்சடித்த கதையை எடுத்தார். மாப்பிள்ளையின் மாமன் குடும்பம் முழுக்க வேறொரு கல்யாணத்துக்குப் போய், மொய் வைத்து, சாப்பிட்டு, யாரையுமே தெரியவில்லையே என்று பாயசத்தின்போது சந்தேகப்பட்டார்களாம். அரங்கம் அதிர்ந்தது. அவருக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

நடுவில் நான் மைக்கை வாங்கி, எல்லாரும் டப்பாவை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மூடியைத் திறக்காமல், கையில் வைத்தபடி. காற்று கலந்தால்தான் அவை பெருகும், ஒளிரவும் செய்யும். அரங்கம் முழுவதும் கை சுழன்றது.

"அக்கா, கை வலிக்குது லா," என்றாள் முன்வரிசைச் சிறுமி.

"கைய மாத்திக்கோ."

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். மேடையைப் பார்த்தபடியே கேட்டார்: "நான் கெடுத்துட்டேனா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. நீ மேசைக்கடியில போனப்பவே தெரியும்."

"கூட்டம் கொஞ்சம் கொறஞ்சு போச்சு. அவ்வளவுதான். சேந்துரும்."

அவர் தலையாட்டிவிட்டு, தன் டப்பாவைச் சுழற்றத் தொடங்கினார்.

என் உரையில் நான் என்ன பேசினேன் என்பது பாதிதான் ஞாபகம். செல் முடிவெடுக்கும் விதம் பற்றி, ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தைக் கேட்டுத் தன் மரபணுக்களில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்று தீர்மானிப்பது பற்றி. என் கண் கடிகாரத்தில். ஆறு மணிக்குச் சற்று முன்னே நாடா ஒட்டிய கதவை மூடி, விளக்கை அணைத்தோம்.

கும்மிருட்டு.

"கரண்டு பில்லு கட்டலையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொறுங்க. கண்ணு பழகணும்," என்றேன். என் குரல் அமைதியாகத்தான் வந்தது. விரல்தான் விளக்குச் சுவிட்சை விட்டு வரவில்லை.

முன்வரிசையில், அந்தச் சிறுமியின் கையில், ஏதோ ஒரு நீலம். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு. அவள் வேகமாகச் சுழற்றினாள், அது அவள் விரல்களைக் காட்டியது. பிறகு அவள் பக்கத்தில் ஒன்று. அடுத்த வரிசையில் மூன்று நான்கு. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அரங்கமெங்கும் நீலப்பச்சை வட்டங்கள் சுழல, பின்சுவர்ப் பக்கம் இருந்து, "டேய், எனக்கும் வந்துருச்சுடா, வீடியோ எடு," என்று ஒருவர் கூவ, "கேமராவுல விழல மாப்ள, கண்ணாலயே பாத்துக்க," என்று இன்னொருவர் சொல்ல, நான் இருட்டில் யாருக்கும் தெரியாமல் இரண்டு முறை குதித்தேன்.

அம்மாவின் டப்பா மட்டும் இருட்டாக இருந்தது.

எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியாகக் குடுவையைக் கழுவி வந்ததைத் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் எதையும் அவர் அப்படித்தான் சாப்பிடுவார். இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது. லைன் டான்ஸ் குழு. விளக்கைப் போட வேண்டியதாயிற்று. கைதட்டலும் வடை வரிசையும் ஒன்றாகத் தொடங்கின. நான் டப்பாக்களைப் பையில் சேகரித்துக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் கை நீட்டினேன்.

"எனக்கு வரலன்னா என்ன? எல்லாருக்கும் வந்துச்சுல்ல," என்றார். ஆனால் கொடுக்கவில்லை. சுழற்றிக்கொண்டே இருந்தார்.

அரங்கத்தின் ஓரத்தில் நாற்காலி அடுக்கும் சேமிப்பறை இருந்தது. சன்னல் இல்லாதது. அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே ஸ்பீக்கர் அலறத் தொடங்கியது, சுவரே தாளம் போட்டது. நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு பேரும் நின்றோம். ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கை வலிக்கும், கொஞ்ச நேரம் என்னிடம் தாருங்கள் என்றேன், தரவில்லை.

"அம்மா, நேரமாயிருச்சு."

"இரு."

மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் சுழற்றுவதை நிறுத்தினார். முதலில் நான் எதையும் பார்க்கவில்லை. அவர் திரும்பச் சுழற்றியபோது அடியில் ஒரு மெல்லிய வளையம் எழுந்தது. அம்மாவின் மோதிரம் தெரிந்தது. பிறகு மூக்குத்தி.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். "இதுக்குள்ள எத்தன பேரு இருப்பாங்க?" என்று கேட்டார்.

"கோடிக்கணக்குலம்மா."

"எல்லாருக்கும் இடம் இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை வெளியே நீட்டினார். சிவப்புச் சட்டை போட்ட சீன மூதாட்டி ஒருவர் தண்ணீர் குடிக்க ஓரமாக வந்திருந்தார்.

"ஆன்ட்டி, கம், கம் இன்சைட். சீ திஸ். மை டாட்டர் மேக் ஒன்."

அவர் வந்தார். அவர் பின்னால் அவர் தோழி வந்தார். வடையோடு செயலாளர் வந்தார், அச்சகக்காரர் வந்தார். கதவைச் சாத்த முடியாமல் நான் முதுகால் அழுத்திக்கொண்டு நின்றேன். உள்ளே யார் காலை யார் மிதித்தார்கள் என்று தெரியவில்லை.

"தள்ளி நில்லுங்க, எல்லாரும் பாக்கட்டும்," என்றார் அம்மா. "சுத்திக்கிட்டே இருக்கணும். இல்லன்னா அணைஞ்சுரும்."